நல்லெண்ணெய் ஏன் சீக்கிரம் காறுவதில்லை?

3 வருடங்களுக்கு முன் ஒரு சித்திரைக் கடைசி. சம்பா அறுத்த வயலில் மாசியில் விதைத்த எள்ளை அறுத்து, நுனி உள்ளே இருக்கும்படி வட்டமாக அடுக்கி, வைக்கோல் போட்டு மூடியிருந்தேன். மூன்றாம் நாள் இரவு கோடை மழை கொட்டியது. ரெண்டு நாள் வானம் வெளுக்கவில்லை. பிரித்துப் பார்த்தால் போர் உள்ளே புழுங்கிக் கிடந்தது. "நல்லெண்ணெய்தானே, எங்கே கெடப்போவுது?" என்று அரைகுறையாகக் காய்ந்த எள்ளையே செக்குக்குக் கொண்டுபோனேன். 40 லிட்டர் விற்றேன். ஆடி பிறப்பதற்குள் ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள்: "சார், எண்ணெய் காறுது." எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

பணியில் இருந்த காலமெல்லாம் வங்கியில் கணக்கு பார்த்தவன் நான். நட்டத்துக்குக் காரணம் தெரியாமல் ஏட்டை மூடிப் பழக்கமில்லை. கல்லூரியில் படித்த வேதியியலைத் தூசி தட்டி உட்கார்ந்தேன். புரிந்ததை உங்களோடு பகிர்கிறேன்.

எண்ணெய் கெடும் இரண்டு வழிகள்

எந்த எண்ணெயும் கிளிசரால் என்ற ஒரு தண்டில் மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்த அமைப்புதான். இது கெட இரண்டு வாசல் உண்டு.

முதல் வாசல் காற்று. ஆக்சிஜன் கொழுப்பு அமிலத்தைத் தாக்கினால் சிக்கு வாடை வரும். இரண்டாவது வாசல் ஈரம். விதையில் ஈரம் நின்றால், விதையிலும் பூஞ்சாணத்திலும் இருக்கும் லைப்பேஸ் என்ற நொதி கொழுப்பு அமிலங்களைத் தண்டிலிருந்து பிய்த்துவிடும். அப்படிப் பிரிந்த அமிலத்தைத்தான் ஆய்வகத்தில் 'அமில மதிப்பு' என்று அளக்கிறார்கள்.

நல்லெண்ணெயில் நூற்றுக்குச் சுமார் 40 பங்கு ஒலியிக் அமிலம். ஏறக்குறைய அதே அளவு லினோலியிக் அமிலம். லினோலியிக் அமிலம் ஆக்சிஜனுக்கு எளிதில் இரையாவது. அந்தக் கணக்குப்படி நல்லெண்ணெய் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்க வேண்டும். ஆனால் அடிப்பதில்லை. முதல் வாசலில் காவல் இருக்கிறது.

காவல்காரர்கள்

எள்ளில் லிக்னான் என்ற தாவரப் பொருள்கள் உண்டு. முக்கியமானவை இரண்டு: செசமின், செசமோலின். இரண்டும் சேர்ந்து 100 கிராம் எண்ணெயில் அரை கிராமிலிருந்து ஒரு கிராமுக்குச் சற்று மேல் வரை இருக்கும். ரகத்துக்கு ரகம் மாறும். துணைக்கு வைட்டமின் ஈ குடும்பத்தைச் சேர்ந்த காமா டோக்கோஃபெராலும் உண்டு.

செசமின் மூலக்கூறில் 20 கார்பன், 18 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள். செசமோலினில் ஆக்சிஜன் மட்டும் 7. அந்த ஒரு ஆக்சிஜன் உட்கார்ந்திருக்கும் இணைப்பு பலவீனமானது. சூடோ அமிலமோ பட்டால் உடைந்து, செசமால் என்ற ஃபீனால் வெளியே வரும்.

ஒரு கொழுப்பு மூலக்கூறு ஹைட்ரஜனை இழந்தால், பக்கத்து மூலக்கூறிலிருந்து அதைப் பிடுங்கும். ஒரு வாராக்கடன் ஜாமீன் போட்டவர்களையும் இழுத்துக்கொண்டு போவதுபோல இது சங்கிலியாகத் தொடரும். செசமால் தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அந்தச் சங்கிலியை அறுக்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால், செசமோலின் வைப்புத்தொகை. செசமால் கையில் இருக்கும் ரொக்கம். வாணலி சூடேறும்போது வைப்பு கொஞ்சம் கொஞ்சமாக ரொக்கமாகிறது.

ஆனால் இவை காப்பது முதல் வாசலை மட்டுமே. ஈரத்திடம் இவற்றின் பாச்சா பலிக்காது. நான் ஏமாந்த இடம் இதுதான்.

செக்கா, ரீஃபைண்டா?

"ரீஃபைண்டு எண்ணெயில் ஒன்றுமே இல்லை" என்று நம்மில் பலர் பேசுகிறோம். அது சரியல்ல. அமிலம் ஏற்றிய களிமண்ணால் நிறம் நீக்கும்போது செசமோலின் மாறிப்போகிறது. அதிலிருந்து பிறக்கும் செசமினாலும் ஆக்சிஜனைத் தடுக்கும். செசமினில் ஒரு பகுதி எபிசெசமினாக உருமாறினாலும் மீதி தங்கும். செக்கெண்ணெயின் பலம், செசமோலின் உருமாறாமல் இருப்பதும் எள்ளின் மணமும்தான். இருப்பதைச் சொல்லி விற்போம். பாட்டிலில் நோய் தீர்க்கும் வாசகம் வேண்டாம்.

சிவப்பு நிறம் சொல்வது என்ன?

நல்லெண்ணெயோடு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் சேர்த்தால் அமிலம் சிவக்கும். இதற்கு பௌடுவின் சோதனை என்று பெயர். செசமோலினிலிருந்து வரும் செசமால்தான் காரணம். நெய்யில் வனஸ்பதி கலந்தால் கண்டுபிடிப்பதற்காகவே, வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இருந்தது. அந்த 5 சதவீதமே நிறம் காட்டிவிடும் என்றால் யோசித்துப் பாருங்கள்: சிவந்தால் நல்லெண்ணெய் இருக்கிறது என்றுதான் அர்த்தம், சுத்தம் என்று அர்த்தமில்லை. அமில விஷயம், வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

நம் கையில் இருப்பது

1. கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குப் பார்க்கும் 17 சதவீத ஈரக் கணக்கு எள்ளுக்கு ஆகாது. எள்ளில் சரிபாதி எண்ணெய். எண்ணெயில் ஈரம் நிற்காது. ஆகவே மொத்தத்தில் 6 சதவீதம் ஈரம் என்றால், எண்ணெய் இல்லாத மறுபாதியில் அது 12. ஈரமானியில் 6 சதவீதத்துக்குக் கீழ் வரும்வரை காயவையுங்கள்.

2. போர் போடுமுன் வானத்தைப் பாருங்கள். மேட்டில் போடுங்கள், தார்ப்பாய் பக்கத்திலேயே இருக்கட்டும்.

3. நனைந்த எள்ளைத் தனியாக வையுங்கள். ஒரு மூட்டை கெட்டது பத்து மூட்டையையும் கெடுக்கும்.

4. செக்கில் தெளிக்கும் தண்ணீர், கருப்பட்டியின் மிச்சமெல்லாம் மண்டியோடு அடியில் தங்கும். நன்றாகத் தெளிந்த பிறகு, மேலாக இறுத்து விற்பனைக்கு எடுங்கள்.

5. எவர்சில்வர் பாத்திரத்தில் கழுத்துவரை நிரப்பி, வெயில் படாமல் வையுங்கள். செம்பு, பித்தளை, துருப்பிடித்த தகரம் ஆகாது. அந்த உலோகங்கள் ஆக்சிஜனின் வேலையை வேகப்படுத்தும்.

போன சித்திரையிலும் மழை வந்தது. இரண்டு மூட்டை நனைந்தது. அதைத் தனியாக ஆட்டி, 'விளக்கெரிக்க மட்டும்' என்று எழுதி விலை குறைத்துக் கொடுத்தேன். மீதி எள் ஈரமானியில் தேறிய பிறகே செக்குக்குப் போனது. அன்று காறல் எண்ணெயைத் திருப்பிக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் மறுபடியும் வாங்குகிறார்கள். மீதிப் பேருக்காகக் காத்திருக்கிறேன்.