அஞ்சடி வீடு வாங்கப் போகிறவர்களுக்கு

சுங்கை லாலாங்கிலிருந்தும் பீடோங்கிலிருந்தும் நம் பிள்ளைகள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகத் தொடங்கி ஒரு தலைமுறைக்கு மேலாகிவிட்டது. முன்பு சம்பளம் சேர்ந்ததும் சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு தாமான் வீடு வாங்குவார்கள். இப்போது சிலருக்கு ஜோர்ஜ்டவுனில் பழைய கடைவீடு ஒன்று வாங்க வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. பினாங்கில் லாயர் ஆபீஸ் கிராணியாக வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் வந்து கேட்கிறார்கள். வாங்காதே என்று யாரையும் தடுத்ததில்லை. தாமான் வீட்டுக் கணக்கைத் தூக்கிக்கொண்டு அங்கே போகாதே என்பதுதான் நான் சொல்வது. அங்கே வீட்டின் முகப்பு ஊருக்குச் சொந்தம், சுவரில் பாதி அடுத்த வீட்டுக்காரருக்குச் சொந்தம், கிராண்டில், அதாவது நிலப் பத்திரத்தில், பாதிப் பெயர்கள் செத்துப்போனவர்களுடையவை. மிச்சம் இருப்பதுதான் உங்களுக்கு.

1. முதலில் வாடகைக்குப் போய் இருங்கள். மழைக்காலம், சீனப் புத்தாண்டு, தைப்பூசம் மூன்றையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து செட்டியார்களின் வெள்ளி ரதம் புறப்படும். 1894இலிருந்து ஓடுகிற ரதம் அது. இப்போது குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோவில் பக்கமிருந்து தங்க ரதமும் கிளம்புகிறது. அன்றைக்குக் காரை வெளியே எடுக்க முடியாது. அது போக, பள்ளிவாசல் பாங்கு, கோவில் மணி, லிட்டில் இந்தியா கடைகளின் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு, சீனர்களின் ஏழாம் மாதத்தில் தெருவை அடைத்துக் கூத்து. இந்தச் சத்தம் பிடிக்காதவர் அங்கே போக வேண்டாம். போய்க் குடியேறிய பிறகு அதை நிறுத்தச் சொல்லிப் புகார் எழுதுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை கிடையாது.

2. நிலம் யாருடையது என்று பார்க்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். கெடாவிலிருந்து போகிறவர் முதலில் கேட்பது, "மலாய் ரிசர்வ் நிலமா?" என்பது. இங்கே அது நியாயமான கேள்வி. பினாங்கில் மலாய் ரிசர்வ் நிலம் கிடையாது. அதைக் கேட்டு நிம்மதியாகி விடுகிறார்கள், அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பழைய நகரத்தில் வரிசை வரிசையாக வீடுகள் முஸ்லிம் அறக்கொடையான வக்ஃபு நிலத்தில் நிற்கின்றன. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு நிலம் கொடுக்கப்பட்டது 1801இல். சீனக் குலச் சங்கங்களான கொங்சிகளுக்குச் சொந்தமான வீடுகள் உண்டு, கோவில் சொத்தும் உண்டு. இவற்றில் வாடகைக்குத்தான் இருக்கலாம். "நான் இருபது வருடமாக இங்கே இருக்கிறேன், நீ ஒரு தொகை கொடு, நான் போய்விடுகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அவர் விற்பது வீட்டை இல்லை, தன் வாடகைச் சீட்டை. அதை உங்கள் பெயருக்கு மாற்ற நிலத்துக்காரர் சம்மதிக்க வேண்டும். கடலோரம் சீனக் குலத்தாரின் மரப்பாலக் குடியிருப்புகள் இன்னொரு வகை. தற்காலிகக் குடியிருப்பு லைசென்சில்தான் அவை நிற்கின்றன. கிராண்டே இல்லாத இடத்தில் கைமாற்ற என்ன இருக்கிறது?

கிராண்ட் இருந்தாலும் அசலை விற்கிறவர் கையில் பார்த்தது போதாது. கோம்தாரில் நில அலுவலகம் இருக்கிறது. அங்கே தேடல் போட்டுப் பாருங்கள். யார் பெயர், அடமானம் உண்டா, கவேட் போட்டிருக்கிறார்களா, நிலம் முழுதும் அவருடையதா அல்லது பிரிக்கப்படாத பங்கு மட்டுமா என்பதெல்லாம் அதில் தெரியும். பிரிக்கப்படாத பங்கு பினாங்கில் சர்வ சாதாரணம். ஒரே லாட்டில் மூன்று வீடு நிற்கும். மூன்றில் ஒரு பங்கு என்று எழுதியிருக்கும். எந்த வீடு உங்கள் பங்கு என்று கிராண்ட் சொல்லாது. பேங்க்காரர் அதைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்.

பெயருக்குரியவர் இறந்து போயிருந்தால் வாரிசுகள் கோர்ட்டில் அதிகாரப் பத்திரம் எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஒரு மகன் கோலாலம்பூரில், ஒரு மகள் ஆஸ்திரேலியாவில், இன்னொருவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது என்றால் அந்த வீட்டை மறந்துவிடுங்கள். மூத்தவர் மட்டும் கையெழுத்துப் போட்டு முன்பணம் வாங்கிக்கொள்வார். மற்றவர்கள் கையெழுத்துக்காக நீங்கள் வருடக்கணக்கில் அலைவீர்கள்.

எழுத்து முடியும் முன் குடியேறுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தீவே அப்படிக் கைமாறியதுதான். 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி ஏற்றினார். நம் கெடா சுல்தான் கேட்டது படை உதவி; லைட்டை அனுப்பிய கிழக்கிந்தியக் கம்பெனி அதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திடவே இல்லை. சுல்தான் தீவைத் திரும்பப் பிடிக்கப் பார்த்துத் தோற்ற பிறகுதான் 1791இல் ஒப்பந்தம் ஆனது, அதுவும் ஆண்டுக்கு ஆறாயிரம் ஸ்பானிய டாலருக்கு. பத்திரத்தில் இல்லாத வாக்குறுதியை நம்பியவர் யார், லாபம் பார்த்தவர் யார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

3. உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமுக்கி வைத்திருந்தது. குடியிருந்தவர் சொற்ப வாடகை கொடுத்தார். சொற்ப வாடகை வாங்கிய வீட்டுக்காரர் ஓடு உடைந்தாலும் மாற்றவில்லை. 1997இல் அந்தச் சட்டத்தை எடுக்கத் தீர்மானித்து, 1999 டிசம்பர் கடைசி வரை தவணை கொடுத்தார்கள். 2000 பிறந்ததும் வாடகை எகிறியது. கயிறு திரித்தவர், ஊதுவத்தி உருட்டியவர், தையல்காரர், முடிதிருத்துபவர் என்று அந்தத் தெருக்களைத் தெருக்களாக வைத்திருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களை நம் பக்கத்தில் பார்த்திருக்கிறோம். ஆகவே இது நமக்குப் புரியாத சங்கதி இல்லை.

இன்னும் சில வீடுகளில் பழைய குடியிருப்பாளர் இருக்கிறார்கள். விற்கிறவர் "காலி செய்து தருகிறேன்" என்பார். ஒப்பந்தத்தில் காலி வீடாக ஒப்படைக்க வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் அந்த வேலை உங்கள் தலையில் விழும். குடியிருப்பவரைக் கோர்ட் உத்தரவு இல்லாமல் வெளியே தள்ளச் சட்டம் இடம் தராது. பூட்டை மாற்றுவது, தண்ணீரை வெட்டுவது இதெல்லாம் உங்களைத்தான் மாட்டிவிடும். என்னைக் கேட்டால், கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் பெரியவரை அப்படியே இருக்க விட்டு, நியாயமான வாடகை பேசி, மேல்மாடியில் நீங்கள் குடியேறுவது மேல். அந்தத் தெருவில் யார் யார் என்று சொல்லித்தர அவரை விட்டால் ஆள் இல்லை.

4. பணக் கணக்கு. வீட்டு விலை பத்து லட்சம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பழைய நகரத்தில் அது பெரிய விலை இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது வழக்கமாகப் பத்து விழுக்காடு, அதாவது ஒரு லட்சம். முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு ஒரு விழுக்காடு, அடுத்த நான்கு லட்சத்துக்கு இரண்டு, அடுத்த ஐந்து லட்சத்துக்கு மூன்று. கூட்டினால் 24,000 வெள்ளி. கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு முத்திரை, வக்கீல் கட்டணம், மதிப்பீட்டாளர் கட்டணம் தனி. விலைக்கு மேல் இதற்கெல்லாம் கையில் ரொக்கம் வேண்டும், பழுது பார்க்கும் செலவு அதற்கும் மேல். வாங்கி உடனே விற்று லாபம் பார்க்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள், மூன்று வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் முப்பது விழுக்காடு வரியாகப் போகும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. லேலோங் என்கிற ஏல வீடு வேண்டாம். மலிவாகத்தான் தெரியும். உள்ளே போய்ப் பார்க்க முடியாது, இருக்கிற நிலையில் வாங்க வேண்டும், குடியிருப்பவரைக் கிளப்புவதும் உங்கள் பாடு. முதல் வீடு வாங்குகிறவருக்கு இது ஆகாது.

6. பாரம்பரியச் சட்டம் தெரியாமல் படம் வரையாதீர்கள். 2008 ஜூலை 7இல் மலாக்காவோடு சேர்த்து ஜோர்ஜ்டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மையப் பகுதி 109 ஹெக்டர், அதைச் சுற்றிக் காப்புப் பகுதி 150 ஹெக்டர். மையப் பகுதியில் புதுக் கட்டடம் 18 மீட்டருக்கு மேல் போக முடியாது. பழைய கட்டடங்களை முதல் வகை, இரண்டாம் வகை என்று பிரித்திருக்கிறார்கள். உங்கள் வீடு எதில் இருக்கிறது என்று முன்பணம் கொடுக்கும் முன்பே மாநகராட்சியில் கேளுங்கள். பெரும்பாலானவை இரண்டாம் வகை. உள்ளே கொஞ்சம் மாற்ற விடுவார்கள். முகப்பு, கூரை, வானம் பார்த்த முற்றம் இவற்றைத் தொட அனுமதி வேண்டும். சாயம் பூசுவதற்கும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. இதைத் தொல்லை என்று சலித்துக்கொள்கிறவர்கள், பக்கத்து வீட்டை இடித்து இருபது மாடி எழுப்ப முடியாமல் தடுப்பதும் இதே சட்டம்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

7. சுவரைத் தட்டிப் பாருங்கள். அந்தக் காலச் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசி, பளபளவென்று பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்து வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும், உப்புப் பூக்கும், செங்கல் மாவாக உதிரும். விற்பதற்காகப் புதிதாகப் பூசிய சுவர் என்றால் எனக்குச் சந்தேகம்தான். நல்ல சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் இல்லாமல் பழுது வேலையில் இறங்காதீர்கள்.

மாடி உத்தரங்கள் பொதுச் சுவருக்குள் செருகி நிற்கும். அந்த முனைதான் முதலில் உளுக்கும், கறையானும் அங்கேதான் கூடும். ஏணி வைத்து ஏறி, கத்தி முனையால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வீட்டுக் கூரையும் சேரும் இடத்தில் ஒழுகினால் இருவர் வீட்டிலும் ஒழுகும். அடுத்த வீட்டுக்காரர் செலவில் பாதி தர மறுத்தால் நீங்கள் மட்டும் சரி செய்ய முடியாது. லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதா? இந்தப் பக்கம் அம்மி அரைத்தால் அந்தப் பக்கம் குழந்தை விழிக்கும். சண்டை போட்டாலும் மறுநாள் அதே குழாயடிதான். அந்தப் பழக்கம் கடைவீட்டுக்கு அப்படியே ஒத்துவரும். தாமானில் வளர்ந்த பிள்ளைகள்தான் தடுமாறுகிறார்கள்.

முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடாதீர்கள். நீளமான வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் அது வழியாகத்தான் வருகிறது. மேல்மாடி ஜன்னல்களை அடைத்து, சுவரில் சிறு துளைகள் விட்டிருந்தால் அங்கே முன்பு கூட்டுக்காகக் குருவி வளர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நம் பக்கத்துப் பட்டணங்களிலும் பார்த்திருப்பீர்கள். குருவிக்காக ஈரத்திலேயே ஊறப்போட்ட மாடி அது. யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு பாரம்பரியப் பகுதியிலிருந்து அந்தக் குருவி வளர்ப்பை அப்புறப்படுத்தினார்கள், ஆனால் மரத்தில் ஏறிய ஈரம் லேசில் போகாது. 2017 நவம்பர் பெருவெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர்க்கடைக்காரரிடம் கேளுங்கள். விற்கிறவரிடம் கேட்டுப் பயனில்லை.

8. காரை மறந்துவிடுங்கள். வீட்டு வாசலில் நிறுத்த இடம் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். சுங்கைப்பட்டாணியிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயில், அங்கிருந்து ஃபெரி. அம்மா அப்பாவைப் பார்க்க அந்த வழி போதும்.

9. வீட்டின் முன்னால் ஓடும் நடைபாதையான அஞ்சடி உங்களுடையது இல்லை. கிராண்டில் உங்கள் நிலத்துக்குள் இருந்தாலும் நடக்கிறவருக்கு வழி விட வேண்டும். பூந்தொட்டி வையுங்கள், நாற்காலி போட்டு உட்காருங்கள். கம்பி போட்டு அடைக்காதீர்கள், மோட்டார் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தாதீர்கள். மழையில் ஒதுங்கி நிற்கிறவரை விரட்டாதீர்கள்.

10. தீக் காப்புறுதி எடுக்காமல் ஒரு ராத்திரிகூட அங்கே படுக்காதீர்கள். மாடி பலகை, உத்தரம் மரம், பழைய மின்கம்பி, அண்டை வீட்டில் சாம்பிராணி. ஒரு வீடு பிடித்தால் வரிசையே பிடிக்கும். மின்கம்பிகளை மாற்றிவிட்டுக் காப்புறுதிக்காரரிடம் போங்கள். படிவத்தில் மாடி மரம் என்றால் மரம் என்றே எழுதுங்கள், கீழே கடை இருந்தால் என்ன கடை என்றும் எழுதுங்கள். தொகையை வாங்கிய விலைக்குப் போடாதீர்கள், அதில் பாதிக்கு மேல் நிலத்தின் விலை. அதே ஓடு, அதே மரம், அதே சுண்ணாம்பு போட்டுத் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்று மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் வாங்கி, அந்தத் தொகைக்குப் போடுங்கள்.