இறப்புச் சான்றிதழ் முதல் இன்சூரன்ஸ் தொகை வரை: உங்கள் கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் பாட்டு, படம், பிள்ளைகளின் படிப்பு என்றுதான் நினைக்கிறோம். வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால், அவர் குடும்பத்துக்கு வர வேண்டிய பணத்தைத் தேடிப் பெறவும் அது கைகொடுக்கும். வழிமுறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பதிவு: இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. மருத்துவமனையில் இறந்தால் நிர்வாகமே தகவல் தரும். வீட்டில் இறந்தால் குடும்பத்தினர்தான் தெரிவிக்க வேண்டும். கிராமம் என்றால் வி.ஏ.ஓ.விடமும், நகரம் என்றால் நகராட்சி அல்லது மாநகராட்சி சுகாதாரப் பிரிவிலும் சொல்லவும். தாமதமானால் கட்டணம் உண்டு. ஓராண்டு கடந்தால் கோட்டாட்சியர் போன்ற அதிகாரியின் உத்தரவு வேண்டும்.

2. சரிபார்ப்பு: பதிவு முடிந்ததும் சான்றிதழை அரசு இணையதளத்திலிருந்து டவுன்லோட் செய்யலாம். பிரிண்ட் எடுக்கும் முன் பாலிசியையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துப் பெயர், இனிஷியல், தேதி, முகவரியை ஒப்பிடுங்கள். ஒன்றில் 'கே. முருகேசன்', இன்னொன்றில் 'முருகேசன் கந்தசாமி' என்றிருந்தால் கிளைம் அங்கேயே நிற்கும். சான்றிதழில் பிழை இருந்தால் பதிவாளரிடம் உடனே திருத்தம் கேளுங்கள்.

3. போல்டர்: டாகுமெண்ட்ஸில் ரைட் கிளிக் செய்து நியூ, போல்டர் தேர்ந்தெடுத்து, இறந்தவர் பெயரைக் கொடுங்கள். சான்றிதழ், பாலிசி, நாமினியின் ஆதார், பான், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து அதில் சேமியுங்கள். ஒவ்வொரு பைலையும் கிளிக் செய்து எப்2 கீயை அழுத்தினால் பெயர் மாற்றலாம். 'ஸ்கேன்001' என்று விட்டுவிட்டால் பிறகு தேட முடியாது.

4. தேடல்: இதுதான் மிக முக்கியம். எந்தெந்த பாலிசி இருந்தது என்று பல வீடுகளில் யாருக்கும் தெரிவதில்லை. வங்கி ஸ்டேட்மெண்ட் பிடிஎப்பைத் திறந்து, கண்ட்ரோல் கீயுடன் எப் கீயை அழுத்தி, 'இன்சூரன்ஸ்', 'பிரீமியம்', 'எல்ஐசி' ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் தேடுங்கள். அடுத்து 436 என்ற எண்ணைத் தேடுங்கள். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு 2022 ஜூன் முதல் பிடிக்கப்படும் ஆண்டு பிரீமியம் அது. காப்பீடு 2 லட்சம் ரூபாய். 20 ரூபாய் பிடித்தம் இருந்தால் அது சுரக்ஷா விபத்துக் காப்பீடாக இருக்கலாம். என் சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் இருந்த ஸ்டேட்மெண்ட்டில் இப்படித் தேடியபோதுதான் அந்த 436 கண்ணில் பட்டது. அப்படி ஒரு காப்பீடு இருப்பது சித்திக்கே தெரியாது. அந்த 2 லட்சம்தான் தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவியது.

ஓர் எச்சரிக்கை: பாஸ்வேர்டு தெரிந்தாலும் இறந்தவரின் நெட் பேங்கிங்கில் நுழைந்து பணம் எடுக்காதீர்கள். பின்னால் வில்லங்கமாகும். ஸ்டேட்மெண்ட் இல்லையென்றால் பாஸ்புக்குடன் வங்கிக் கிளைக்குச் செல்லுங்கள்.

5. கிளைம்: படிவங்களை நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் மட்டுமே எடுங்கள். எல்.ஐ.சி.க்கு 3783 எண் படிவம். ஜீவன் ஜோதிக்குக் கணக்கு இருந்த வங்கிக் கிளையை அணுகவும். பாலிசி எடுத்து மூன்று ஆண்டுகளுக்குள் இறந்திருந்தால் மருத்துவச் சான்றுகளும் கேட்பார்கள். நாமினி இல்லையென்றால் வாரிசு தொடர்பான ஆவணங்கள் தேவை. பணம் வாங்கித் தருகிறேன் என்று போனில் யாராவது கட்டணமோ ஓ.டி.பி.யோ கேட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

6. காலக்கெடு: 2024ல் வந்த ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிப்படி, விசாரணை தேவையில்லாத இறப்பு கிளைமை 15 நாட்களிலும், விசாரணை தேவைப்பட்டால் 45 நாட்களிலும் முடிக்க வேண்டும். தாமதமானால் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அதன் பிறகும் தீராவிட்டால் 'பீமா பரோசா' தளத்தில் புகார் பதியலாம். இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடமும் கட்டணமின்றி முறையிடலாம்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். எக்ஸெல்லில் பாலிசி எண், நிறுவனம், தொகை, நாமினி என நான்கு பத்திகள் போட்டு உங்கள் பாலிசிகளை நிரப்புங்கள். ஒரு பிரிண்ட் எடுத்து பீரோவில் வைத்து, அது இருக்கும் இடத்தை வீட்டில் சொல்லிவிடுங்கள்.