ஆற்றை அறிதல்

ஆறு ஒன்றேயாயினும் அதன் இயல்பு ஒன்றன்று. மலையில் பாயும் நீர் வேறு. சமவெளியில் தவழும் நீர் வேறு. கடலை அணுகித் தயங்கும் நீர் வேறு. ஆகையால் ஆற்றில் இறங்க விரும்புவோர் அதனைப் பகுதி பகுதியாக அறிதல் வேண்டும். இவ்வுண்மையை இரண்டு ஆறுகளைக் கொண்டு ஆராய்வோம்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் என்னும் மாவட்டம் உள்ளது. அங்கே டார்ட்மூர் மேட்டு நிலத்தில் தோன்றும் கிழக்கு டார்ட், மேற்கு டார்ட் என்னும் இரு கிளைகள் டார்ட்மீட் என்னுமிடத்தில் கூடி, டார்ட் ஆறாகி, டார்ட்மத் நகரருகே கடலில் கலக்கின்றன. இவ்வாற்றில் கயாக் என்னும் சிறு தோணியைச் செலுத்துவதை ஒரு வீரவிளையாட்டாகப் பலர் பயில்கின்றனர். கயாக், பனி சூழ்ந்த வடதுருவப் பகுதியில் வாழும் இனூயிட் மக்கள் கண்ட தோணி. சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்து அதனைச் செய்து, அவர்கள் கடலில் வேட்டையாடினர். ஒருவர் கால்களை நீட்டி அமர்ந்து, இருமுனையிலும் தட்டுடைய துடுப்பினால் அதனைச் செலுத்துவர்.

டார்ட்மீட்டிலிருந்து நியூபிரிட்ஜ் வரையுள்ள மேற்பகுதியில் ஆறு குறுகிய பள்ளத்தாக்கில் பாறைகளின்மேல் மோதி, வெண்ணுரை கக்கிப் பாய்கின்றது. தேர்ந்த வல்லுநரே அங்குச் செல்வர். அதற்கடுத்த பகுதி ஓரளவு பயின்றோர்க்கு உரியது. அதற்கும் கீழே, பக்ஃபாஸ்ட்லீ நோக்கிச் செல்லும் பகுதியில் புதியோர் பழகுவர். இத்தகைய விரைநீர்ப் பகுதிகளை 1 முதல் 6 வரை தரம் பிரித்தல் உலக வழக்கு. 6 என்பது உயிர்க்கே இடர் தரும் நிலை. மழை பெய்து நீர் உயர்ந்தால் எளிய பகுதியும் கடியதாகிவிடும். எனவே வல்லுநரும் ஐயமுற்ற இடத்தில் கரையேறி நடந்து, பாறையையும் சுழலையும் நேரிற் கண்ட பின்னரே தோணியைச் செலுத்துவர். இஃது அச்சமன்று, அறிவு.

இனி நம் நாட்டிற்கு வருவோம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. இங்கே ஓடுவது குண்டாறு. மேற்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்த குன்றுகளின் கீழ்ச்சரிவில் பிறந்து, திருமங்கலம், திருச்சுழி, கமுதி ஆகிய ஊர்களைக் கடந்து, மன்னார் வளைகுடாவை அடைகின்றது. மேற்பகுதியில் அது மலையோடை. நடுப்பகுதியில் அகன்ற மணற்பரப்பு. கீழ்ப்பகுதியில் கண்மாய்களுக்கு நீர் பகிர்ந்தளித்து மெலிந்து செல்லும் ஆறு. ஆண்டின் பெரும்பகுதியில் இங்குத் தோணிக்கு வேலையில்லை. மக்கள் மணலில் ஊற்றுத் தோண்டி நீர் முகந்தனர். ஆயினும் பெருவெள்ளம் சுழித்துப் பூமிக்குள் புகுந்த இடமே திருச்சுழி என்று அவ்வூர்த் தலவரலாறு கூறுகின்றது. வறண்ட ஊரின் பெயரிலேயே வெள்ளத்தின் நினைவு நிலைத்திருத்தல் காண்க.

வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது ஆற்றின் கோலம் மாறுகின்றது. கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைந்து, கலுங்கு வழியே மிகைநீரை வெளியேற்றும். மேற்கே மலையில் மழை கொட்டினால், நம் ஊரில் வெயில் காயும்போதே வெள்ளம் வரலாம். நீர் திடீரெனக் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும் அதன் முன்னறிகுறிகள். ஓடும் நீரின் வேகம் இருமடங்கானால், அது தள்ளும் விசை நான்மடங்காகும். முழங்காலளவு நீரும் விரைந்தோடினால் ஆளைச் சாய்க்கும். ஏறத்தாழ இரண்டடி நீர் மோட்டார் வண்டியையே அடித்துச் செல்லும். தரைப்பாலத்தின்மேல் வெள்ளம் ஓடுகையில், நேற்று நடந்த வழிதானே என்று இறங்குவோர் உயிரிழப்பது இதனாலேயே. நேற்றைய பாதை இன்று இல்லை. அடியில் மண் அரிக்கப்பட்டிருக்கலாம்.

வெள்ளம் பகையன்று, தேக்கத் தெரிந்தார்க்கு அதுவே செல்வம். நம் முன்னோர் கண்மாயும் கால்வாயும் வெட்டி, சில நாள் வெள்ளத்தை ஆண்டு முழுவதற்கும் உணவாக்கினர். சீமைக்கருவேலும் மணற்கொள்ளையும் ஆற்றின் வழியைக் கெடுத்தால் அவ்வுழைப்பு வீணாகும். காவிரியில் மிகும் வெள்ளத்தை மாயனூரிலிருந்து குண்டாறு வரை கொணரும் கால்வாய்த் திட்டத்திற்கு 2021 ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. தொலைவிலிருந்து நீர் வந்தாலும், அதனை ஏற்கும் ஆறும் கண்மாயும் செம்மையாக இருத்தல் வேண்டுமன்றோ?

மாணவர்களே! உங்கள் ஊர் ஆறு எங்கே பிறக்கின்றது, எந்தக் கண்மாயை நிரப்புகின்றது, வெள்ளநாளில் எவ்விடத்தில் சுழிக்கின்றது என்பவற்றை முதியோரிடம் கேட்டறியுங்கள். டார்ட் ஆற்றுத் தோணியாளரும் குண்டாற்றங்கரை உழவரும் கற்பிப்பது ஒன்றே: ஆற்றை அறிந்தவனுக்கே ஆறு துணையாகும்.