கண்ணாடி இழையும் கடல் நீரும்

மழைக்காலம் வந்துவிட்டால் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் தெருக்கள் குளங்களாவதை நாம் அறிவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையை வெள்ளம் சூழ்ந்தது. அத்தகைய வேளையில், நீரில் ஊறிய மண்ணுக்கடியில் கிடக்கும் ஒளியிழை வடம் பழுதாகாமல் இருந்தால்தான் உதவி கேட்டு நாம் அனுப்பும் செய்தி உரியவரைச் சேரும்.

“கண்ணாடிக் குவளையில்தானே நீர் அருந்துகிறோம், நீரால் கண்ணாடிக்கு என்ன கேடு?” என்று நண்பர்கள் கேட்கலாம். ஒளியிழையின் கண்ணாடி விட்டம் 125 மைக்ரான்தான். ஏறத்தாழ ஒரு மயிரிழையின் பருமன். அதன் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத விரிசல்கள் உண்டு. இழை வளைந்தோ இழுபட்டோ இருக்கும்போது, நீர் மூலக்கூறுகள் விரிசலின் நுனியில் சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்பை அறுக்கின்றன. விரிசல் மெல்ல வளர்ந்து, ஒருநாள் இழை முறிகிறது. மேலும், உலோகப் பாகங்கள் அரிக்கப்படும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் கண்ணாடிக்குள் புகுந்து ஒளியை உறிஞ்சுகிறது.

ஆகவே வடத்திற்குப் பல காவல்கள் அமைக்கின்றனர். வெளியே பாலித்தீன் உறை. உள்ளே இழைகளைச் சுமக்கும் குழாய்களில் கூழ் போன்ற ஜெல்லி. இடைவெளிகளில் நீர்பட்டால் உப்பும் நாடா. மண்வெட்டி பட்டு உறை கிழிந்தாலும், நாடா உப்பிக்கொண்டு நீரை அவ்விடத்திலேயே தடுத்துவிடும். இல்லையேல் நீர் வடத்தின் வழியே நெடுந்தூரம் ஓடிவிடும்.

இதைச் சோதிக்கும் முறை எளியது. 3 மீட்டர் நீளத் துண்டின் ஒரு முனையில் 1 மீட்டர் உயர நீரழுத்தத்தை 24 மணி நேரம் கொடுக்கின்றனர். மறுமுனையில் நீர் கசியக் கூடாது. நீரில் ஒளிரும் சாயம் கலந்தால், அது எவ்வளவு தூரம் சென்றது என்பதும் தெரியும்.

இங்கே நம் ஊருக்குரிய கேள்வி ஒன்று எழுகிறது. உப்பு நீரில் அந்நாடா குறைவாகவே உப்பும். எண்ணூர் முகத்துவாரம் போன்ற உவர்நிலத்தில் புதைக்கும் வடத்தை நன்னீரில் மட்டும் சோதித்தால் போதுமா? குழந்தைகளின் டயப்பரில் உள்ள நீர் உறிஞ்சும் துகளும் இவ்வகைப் பொருளே. அதனைச் சம அளவாகப் பிரித்து, வாலை வடிநீரிலும் காசிமேட்டுக் கடல் நீரிலும் இட்டுப் பார்த்தால் வேறுபாடு நம் ஆய்வுக்கூடத்திலேயே புலப்படும்.

ஆழ்கடல் வடத்தின் நிலை இன்னும் கடினம். 3,000 மீட்டர் ஆழத்தில் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 300 மடங்கு அழுத்தம் உண்டு. கரையருகே நங்கூரமும் இழுவலையும் பகையாதலால் எஃகுக் கம்பிக் கவசம் தடித்திருக்கும். சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. தீவில் வாழ்வோரின் குரல் நம் கரையை எட்டுவதற்கு, மயிரிழை போன்ற கண்ணாடியை நீர் தீண்டாமல் காப்பதே அடிப்படை. அக்காவலைச் செம்மைப்படுத்தும் பணியில் இயற்பியல், வேதியியல் மாணவர்களாகிய நமக்கும் இடமுண்டு.