ஒப்போசம்: குறுகிய வாழ்வும் விரைந்த பெருக்கமும்

வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் பிராணி எது என்று வகுப்பில் வினவினால், கங்காரு என்று மாணவர்கள் விடையளிப்பர். அத்தகைய பிராணிகள் வாழும் நாடு எது என்றால், ஆஸ்திரேலியா என்பர். முதல் விடை சரியே. இரண்டாவது விடை முழுமையானதன்று. அமெரிக்கக் கண்டங்களிலும் பைப்பாலூட்டிகள் பல உள்ளன. அவற்றுள் மெக்ஸிகோவுக்கு வடக்கே பரவியிருப்பது வர்ஜீனியா ஒப்போசம் ஒன்றே. இந்தியக் காடுகளில் இவ்வகைப் பாலூட்டி எதுவும் இயற்கையாக வாழாமையால், ஆசிரியர்கள் இதனை நூல் வாயிலாகவே கற்பிக்க வேண்டியுள்ளது. ஆகவே இதன் வாழ்க்கை முறையைத் தெளிவாக அறிதல் நலம்.

உடலமைப்பும் உணவும்

ஒப்போசம் ஏறத்தாழ வீட்டுப் பூனையின் பருமனுடையது. சாம்பல் நிற ரோமமும், வெளுத்த கூரிய முகமும், ரோமமற்ற காதுகளும் வாலும் உடையது. வாயில் 50 பற்கள் உள்ளன. பின்னங்காலின் பெருவிரலில் நகம் இல்லை. நம் கைக் கட்டைவிரலைப் போல அது மற்ற விரல்களுக்கு எதிராக மடங்கி, கிளையைப் பற்ற உதவுகின்றது. வாலும் கிளையைச் சுற்றிப் பிடிக்கும். கூட்டிற்கு வேண்டிய சருகுகளைக் கட்டாகச் சுருட்டிச் செல்லவும் பயன்படும். ஆயினும், வளர்ந்த ஒப்போசம் வாலில் தொங்கியவாறு உறங்கும் என்பது தவறு.

இது இரவில் தனித்துத் திரியும். பூச்சி, பழம், முட்டை, எலி, பாம்பு, செத்த பிராணி ஆகிய யாவும் இதற்கு உணவாகும். விரியன் இனத்தைச் சேர்ந்த அமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்பின் நஞ்சை முறிக்கும் புரதம் இதன் இரத்தத்தில் உள்ளது. எதையும் உண்டு எங்கும் தங்கும் இயல்பினால் இது மத்திய அமெரிக்காவிலிருந்து கனடாவின் தென்பகுதி வரை பரவியுள்ளது. குளிர் மிகுந்த வடபகுதிகளில் காது நுனியும் வால் நுனியும் பனியால் கருகி உதிர்ந்த ஒப்போசங்களைக் காணலாம்.

பிறப்பும் வளர்ப்பும்

இதன் கர்ப்ப காலம் 12 அல்லது 13 நாட்களே. பிறக்கும் குட்டி ஒரு தேனீயின் அளவினது, கண் திறவாதது, பின்னங்கால்கள் உருப்பெறாதது. எனினும் அதன் முன்னங்கால்கள் வலிமையுடையவை. அவற்றால் தாயின் ரோமத்தைப் பற்றி ஊர்ந்து, பிறர் உதவியின்றிப் பையை அடைகின்றது. பையினுள் பொதுவாக 13 முலைக்காம்புகள் உள்ளன. ஒரே ஈற்றில் இருபதுக்கு மேற்பட்ட குட்டிகள் பிறப்பதும் உண்டு. காம்பு கிடையாத குட்டி மடியும். காம்பைக் கவ்விய குட்டி ஏறத்தாழ இரண்டு மாதம் பையிலேயே வளர்ந்து, பின்னர்த் தாயின் முதுகில் ஏறிச் செல்லும். தாய் வாகனத்தில் அடிபட்டு இறந்தாலும் பையிலுள்ள குட்டிகள் உயிருடன் இருக்கக்கூடும். ஆதலால் அந்நாட்டு வனவிலங்குப் பணியாளர், சாலையோரத்தில் இறந்து கிடக்கும் பெண் ஒப்போசத்தின் பையைச் சோதித்துப் பார்ப்பது வழக்கம்.

இறந்தது போன்ற நிலை

பகை நெருங்கினால் ஒப்போசம் முதலில் பல்லைக் காட்டிச் சீறும். அச்சம் எல்லை மீறினால் பக்கவாட்டில் சாய்ந்து, வாய் திறந்து, எச்சில் வழிய, நாற்றமுள்ள நீரைக் கழித்து அசைவற்றுக் கிடக்கும். இந்நிலை சில நிமிடம் முதல் சில மணி நேரம் வரை நீடிக்கும். இதனைத் தந்திரம் என்று கூறுவது பொருந்தாது. இது தானே நிகழும் உடல் எதிர்வினை. ஆயினும் இது மயக்கமும் அன்று. மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தபோது, அது விழிப்புடனேயே இருப்பது தெரியவந்தது.

ஆயுள் ஏன் குறைவு?

இத்தனை பாதுகாப்பு இருந்தும், காட்டு ஒப்போசம் இரண்டு ஆண்டைக் கடந்து வாழ்வது அரிது. ஆந்தை, நரி, நாய், மோட்டார் வாகனம் ஆகியவற்றுக்குத் தப்பியதும் விரைவில் மூப்படைகின்றது. இதன் காரணத்தை விளக்கும் ஆராய்ச்சி ஒன்றை ஸ்டீவன் ஆஸ்டாட் என்னும் விஞ்ஞானி 1993-இல் வெளியிட்டார். ஜார்ஜியா மாநிலக் கரையை அடுத்த சபேலோ தீவு சில ஆயிரம் ஆண்டுகளாக நிலத்தினின்றும் பிரிந்துள்ளது. ஒப்போசத்தைக் கொல்லும் பெரும் பகைவிலங்குகள் அங்கு இல்லை. அத்தீவின் ஒப்போசங்கள், பெருநிலத்து ஒப்போசங்களைக் காட்டிலும் சராசரியாக நான்கில் ஒரு பங்கு அதிக காலம் வாழ்ந்தன. ஓர் ஈற்றில் ஈன்ற குட்டிகள் குறைவு. வால் தசைநாரின் மூப்பும் மெதுவாகவே நிகழ்ந்தது.

இதன் கருத்து யாது? நாளை வேட்டையாடப்படும் உயிருக்கு, முதுமைக்காக உடலைப் பேணுவதைவிட இன்று பல குட்டிகளை ஈனுவதே இனத்தைக் காக்கும் வழியாகும். ஆபத்துக் குறைந்த இடத்தில், தலைமுறை தலைமுறையாக அந்தக் கணக்கு மாறுகின்றது.

ஆகவே, பைப்பாலூட்டியைக் குறைபாடுள்ள தாழ்ந்த பிராணி என்று கற்பித்தல் ஆகாது. நம் நாட்டு யானை ஏறத்தாழ 22 மாதம் கருவைச் சுமந்து பெரும்பாலும் ஒரு கன்றையே ஈனுகின்றது. ஒப்போசமோ 13 நாட்களில் ஒரு கூட்டத்தையே ஈனுகின்றது. இவ்விரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, ஒவ்வொன்றுக்கும் பகை எது, ஆயுள் எவ்வளவு என்று மாணவர்களையே வினவுக. விடையை அவர்களே காண்பர்.