காப்போனைக் காத்தல்

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் சிற்றூர் உள்ளது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், அங்கு ஒரு நடுகல் எழுப்பப்பட்டது. எருமைகளைக் காக்கப் போரிட்டு உயிர்நீத்த கருந்தேவகத்தி என்னும் வீரனின் உருவம் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அவன் அருகே ஒரு நாயின் உருவமும் உண்டு. அதன் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியை அக்கல்வெட்டு கூறுகிறது.

மாணவர்களே, மனிதரைக் காத்த நாய்க்கு நம் முன்னோர் கல்லில் இடம் அளித்தனர். இன்று திருவனந்தபுரத்தின் தெருக்களில் நம் வளர்ப்பு நாயை அழைத்துச் செல்லும்போது, அதனைப் பிற நாய்களிடமிருந்து காப்பது நம் கடமையாகிறது.

தாக்குதலின் காரணம்

தெருநாய்கள் கூட்டமாக வாழ்பவை. தாம் உணவு பெறும் தெருவைத் தமது எல்லையாகக் கருதுபவை. அவ்வெல்லைக்குள் புதிய நாய் நுழைந்தால் குரைத்து விரட்டும். குட்டி ஈன்ற தாய்நாயின் சினம் இன்னும் மிகுதி. ஓடுவதைத் துரத்துவது நாய்களின் இயல்பு. ஆகவே, அஞ்சி ஓடுபவருக்கே ஆபத்து மிகுகிறது.

வழியில் செய்ய வேண்டுவன

உணவுக் கழிவு குவியும் இடங்களையும் நாய்க்கூட்டம் படுத்திருக்கும் சந்துகளையும் தவிர்த்து வேறு வழியில் செல்லுங்கள். கழுத்துக் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள். சிறுவர் தனியே செல்லாமல் பெரியவருடன் செல்லுதல் நன்று.

தெருநாய் நெருங்கினால் ஓடாதீர்கள், கல் எறியாதீர்கள், அதன் கண்களை உற்று நோக்காதீர்கள். உங்கள் நாயை உடலருகே நிறுத்தி, மெல்லப் பின்வாங்குங்கள். மழைக்குப் பெயர்பெற்ற இந்நகரில் குடை எப்போதும் நம் கையில் இருக்கும். விரித்த குடையை இரு நாய்களுக்கும் இடையே பிடித்தால், அதுவே தடுப்பாகும்.

சண்டை மூண்டுவிட்டால் ஒருபோதும் கையை இடையில் நீட்டக் கூடாது. வெறியில் இருக்கும் நாய், தன்னை வளர்த்தவர் கையையும் அறியாமல் கடித்துவிடும். உரக்கக் குரல் கொடுத்துப் பெரியவர்களை அழையுங்கள். அவர்கள் வாளி நீரை ஊற்றியோ பலகையை இடையில் வைத்தோ நாய்களைப் பிரிப்பர்.

கடிபட்ட பின்

நாயின் மயிருக்கு அடியில் பற்குறிகள் மறைந்திருக்கும். வெளியே சிறிதாகத் தோன்றும் காயம் உள்ளே ஆழமாக இருக்கலாம். கையுறை அணிந்த பெரியவர் காயத்தைக் கழுவி, அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். முன்பே தடுப்பூசி போட்டிருப்பினும், மீண்டும் தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

உங்கள் தோலில் சிறு கீறல் பட்டாலும், வீட்டார் கடிவர் என்று அஞ்சி மறைக்காதீர்கள். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிய பின் உயிர் பிழைத்தல் மிக அரிது. உரிய நேரத்தில் தடுப்பூசி பெற்றால் அந்நோயைத் தடுக்க இயலும். காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எத்தனை முறை ஊசி போடச் சொல்கிறார்களோ அத்தனை முறையும் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

1885இல் லூயி பாஸ்டர் இந்நோய்க்கான தடுப்பூசியை ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் செலுத்தினார், அவன் பிழைத்தான். பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28ஆம் நாள் இன்று உலக வெறிநோய் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

நகரின் கடமையும் நம் கடமையும்

தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்ய வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் கூறுகின்றன. 2022 செப்டம்பரில் கேரள அரசு நாய்களுக்குப் பெருந்திரளாகத் தடுப்பூசி போடும் இயக்கத்தைத் தொடங்கியது. தெருநாயும் தடுப்பூசி பெற்றால் நம் வீட்டு நாய்க்கும் அச்சம் குறையும்.

குப்பையும் இதனோடு தொடர்புடையது. 2011 டிசம்பரில் விளப்பில்சாலைக் குப்பை ஆலை மூடப்பட்டது. அதன்பின் உணவுக் கழிவை வீட்டிலேயே உரமாக்கும் முறை நகரில் பரவியது. மீன்முள்ளையும் சோற்றையும் தெருவில் வீசுபவர், தம் வாசலிலேயே நாய்க்கூட்டத்திற்கு எல்லை வகுத்துக் கொடுக்கின்றனர். தெருநாயை வெறுத்து அடிப்பதால் அதன் அச்சமும் சினமும் வளருமேயன்றிக் குறையா.

சொற்பொருள்

நடுகல் – இறந்த வீரர் நினைவாக நடப்படும் கல்
கள்வர் – திருடர்
கடிவர் – கண்டிப்பர்
பட்டி – தமிழில் ஆடுமாடு அடைக்கும் இடம், மலையாளத்தில் நாய்

பயிற்சி

1. கோவிவன் செய்த செயல் யாது?
2. நாய்ச் சண்டையின் இடையே கையை நீட்டக் கூடாது. ஏன்?
3. 'கடி' என்னும் சொல்லை இரு பொருளில் அமைத்து இரு தொடர்கள் எழுதுக.
4. சிறு கீறலை வீட்டில் சொல்ல அஞ்சும் நண்பனுக்கு ஐந்து வரிக் கடிதம் எழுதுக.