புத்தொழிலும் நிலைபேறும்

பொருளில்லான் ஒருவன் தொழில் தொடங்க எண்ணின், பொருளுடையாரை நாடித் தன் கருத்தை எடுத்துரைத்து முதல் பெறுதல் பண்டுதொட்டு வரும் வழக்கமாம். இந்நாளில் புத்தொழில் முனைவோர் அங்ஙனம் உரைக்குங்கால் 'நிலைபேறு' என்னும் சொல்லையும் உடன் வழங்குகின்றனர். அச்சொல்லின் பொருள் யாது, அதனை உரைக்கும் முறை யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இற்றைத் தலைமுறையின் தேவையை நிறைவு செய்யுமிடத்து வருந்தலைமுறையின் தேவைக்கு ஊறு நேராது காத்தல் என்பது, 1987ஆம் ஆண்டில் வெளிவந்த பிரண்ட்லண்டு குழு அறிக்கையின் கருத்து. கொடிவேரி அணையினின்று தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் வழியே பவானி நீரைப் பெறும் கோபிசெட்டிபாளையத்து உழவர்க்கு இது புதிதன்று. தலைமடையார் நீரை வீணாக்கின் கடைமடையார் வயல் காயும் என்பதை அவர் நன்கறிவர்.

முதலிடுவோர் வினவுவன பெரும்பாலும் மூன்று: பொருளை வாங்குவார் எத்துணையர்? ஊதியம் எவ்வளவு? இட்ட முதல் எப்பொழுது திரும்பும்? ஆதலின் நிலைபேற்றை அறமென்று மட்டும் கூறுதல் போதாது. அது செலவைக் குறைக்கும் வகையையும் இடரைத் தவிர்க்கும் வகையையும் காட்டல் வேண்டும். இதற்குத் திருப்பூரே தக்க சான்று.

ஆண்டுச் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலிற் கலந்தது. பாசனத்தின்பொருட்டுக் கட்டப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. உழவர் வழக்காடினர். 2011ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஆற்றை மறந்த முதல் அன்று முடங்கிற்று. பின்னர்க் கழிவுநீரை வெளிவிடாத முறை அங்கு நிலைபெற்றது. அதனால் நீர் மீளப் பயன்படுகின்றது. சாயமிடற்கு வேண்டும் உப்பின் ஒரு பகுதியும் திரும்பக் கிடைக்கின்றது. இவை கணக்கிற் காட்டத்தக்க நன்மைகளாம்.

ஆயினும் கணக்கு இவ்வளவில் முடிவதன்று. கழிவுநீரை ஆவியாக்க எரிபொருளும் மின்னாற்றலும் மிகுதியும் வேண்டும். இறுதியிற் பயன்படாத கலப்புப்பு எஞ்சும். அதனைக் காத்து வைக்க இடம் வேண்டும். 'எம் தொழிலாற் கழிவே இல்லை' என்பான் பாதி உண்மையே கூறினானாவான். 'ஒரு கிலோ துணிக்கு இத்துணை லிட்டர் புதுநீர், இத்துணை விறகு, எஞ்சும் உப்பு இவ்வளவு. அளந்த முறை இது' என்பானே முழுமை கூறினான். முன்னவன் சொல் இனிது; பின்னவன் சொல் சோதனைக்கு நிற்கும். சான்றின்றிப் பசுமை பேசும் விளம்பரங்களைத் தடுக்க நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024இல் நெறிமுறைகள் வகுத்தமையும் ஈண்டுக் கருதத்தக்கது.

குறை கூறின் முதல் கிடையாதே எனச் சிலர் அஞ்சுவர். மறைத்த குறை ஒருநாள் ஆற்றில் வெளிப்படும் என்பது நொய்யல் தந்த பாடம். வள்ளுவரும் தெரிந்துசெயல்வகையில் இழப்பையும் ஈட்டத்தையும் பின்விளையும் பயனையும் ஒருங்கே எண்ணுமாறு பணிக்கின்றார். நம்முள் நாளை தொழில் தொடங்குவார் பலர். அவர் முதலுடையார்முன் நிற்கும்பொழுது, அவ்வவையில் இடம்பெறாத கடைமடை உழவனும் கேட்டுக்கொண்டிருப்பதாக எண்ணி உரைப்பாராக.